பேப்பர் அடித்த டிரம்

எங்களை எங்கள் பிள்ளைகள் பங்கு வைத்துக்கொண்டது ஒரு சித்திரை மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெண்கலப் பானை, ஆடுகள், கட்டில் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. பெரியவன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்.

“அப்ப அம்மா என்கூட வரட்டும். அப்பாவ நீ வச்சுக்கோ.”

சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்தது என்னைப் பற்றி அல்ல.

“ஆடு எனக்குத்தானேண்ணே?” என்று கேட்டான். ஆமாம் என்று அண்ணன் சொன்ன பிறகு, “அப்ப சரி” என்றான்.

நானும் என் வீட்டுக்காரியும் அதே அறையில்தான் இருந்தோம். அவள் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என் இலையை மடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான். பிறகு அதையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

பெரியவனுக்குச் சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகை. தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். கூலிக்குச் சுற்றிக்கொண்டிருந்த பெண் நின்றுபோனாள். அதனால் அவனுக்கு அம்மா வேண்டும். சின்னவன் கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறான். ஆட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். அதனால் அப்பா. யாருக்கு எது தேவையோ அது அவரவருக்குப் போய்ச் சேர்ந்தது. கறிக்கடையில் தொடை உனக்கு, நெஞ்சு எனக்கு என்று கேட்டு வாங்குவதைப் போல.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. பிரியம் என்று சொல்ல மாட்டேன். நான் டிராக்டர் டிரைவர். கரிசல் காட்டு முதலாளி ஒருவரிடம் உழவு ஓட்டினேன். அவர் தோட்டத்து மோட்டார் ரூமில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் அடுப்பு. மோட்டார் ஓடும்போது அவள் என்னைத் திட்டுவது எனக்குக் கேட்காது. அது நின்றவுடன் பாதித் திட்டு மட்டும் காதில் விழும். மீதியை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அப்படி ஒரு வாழ்க்கை. அதில் தனியாகப் படுப்பது மட்டும் இல்லை.

பங்கு பிரித்த பிறகு திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். தறிக் கொட்டகையில் நூல் மூட்டைமேல் உட்காருவேன். அவள் மெஷினை நிறுத்த மாட்டாள். தார் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடும், கண் நூலைவிட்டு நகராது. பெரியவன் பெண்டாட்டி டீ கொண்டுவருவாள். தறிக்காரர்களுக்கென்று அடி நசுங்கின டம்ளர் சில வைத்திருக்கிறாள். அதில் ஒன்றில்தான் எனக்கும் டீ. டீ நன்றாக இருக்கும், அதைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை என் வீட்டுக்காரி விரலில் துணி சுற்றியிருந்தது.

“என்னட்டி விரலுல?”

“நூல் அறுத்துட்டு. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு. பெரியவன்ட்ட கண்ணாடி வாங்கித் தாலேன்னா, தார் சுத்துறதுக்கு எதுக்கு கண்ணாடி, தடவிப் பாத்தே சுத்தலாம்னு சொல்லுதான்.” துணி சுற்றின விரலால் நூலைத் தடவினாள். பிறகு குரலை இறக்கினாள். “ஒரு ரூம் போடுங்க. எப்படியாவது போடுங்க. கஞ்சியக் குடிச்சுட்டு ஒண்ணாக் கிடப்போம். இங்கன கிடந்தா நான் இந்த மெஷின்லயே செத்துருவேன்.”

அவள் என்னிடம் எதுவும் கேட்டவள் இல்லை. திட்டுவாளே தவிர கேட்க மாட்டாள்.

இடம் ஒன்று இருந்தது. கரிவலம் போகிற ரோட்டுக்கு உள்ளே தள்ளி, முதலாளி ஒரு காலத்தில் எனக்கு எழுதிக் கொடுத்த துண்டு. பாகம் பிரித்தபோது பிள்ளைகள் அதைக் கேட்கவே இல்லை. பச்சைக் கரிசல். கோடையில் வெடிப்பு விழுந்தால் கோழிக்குஞ்சு உள்ளே போனால் வராது. அதில் செங்கல் சுவர் வைத்தால் மழைக்கு மண் வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், சுவர் மேலிருந்து கீழே கிழிந்துபோகும். ஆழ அஸ்திவாரம் எடுத்துக் கம்பி கட்டி எழுப்ப என்னால் ஆகாது. அதனால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சிநேகம். நான் டிராக்டர் ஓட்டின காலத்தில் அவர் சைக்கிளில் தகரம் பொறுக்கினார். இப்போது ஊருக்கு வெளியே பெரிய கடை. வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூட மாட்டார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் அங்கே போய் உட்காருவேன். ஒருநாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“வே, இதப் பாரும். வெள்ளைக்காரன் பேப்பர்ல வீடு கட்டுதான்.”

தொப்பி போட்ட ஒரு ஆள் காருக்குப் பின்னால் ஒரு டிரம்மை இழுத்துக்கொண்டு போகிறான். பழைய பேப்பரும் தண்ணீரும் சிமெண்டும் உள்ளே போகிறது. கூழாக வெளியே வருகிறது. அதைச் சட்டத்தில் ஊற்றிக் காயவைத்துக் கல்லாக எடுக்கிறான். ஒரு கையால் கல்லைத் தூக்கித் தோளில் போடுகிறான். அவன் பேசினது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. கை செய்தது எல்லாம் புரிந்தது. கனமில்லாத கல். கரிசல் தாங்கும்.

“இன்னொரு வாட்டி போடும்” என்றேன்.

“என்னவே, நெசமாவே கட்டப் போறீரா? இங்கன கட்டுனா மாடு வந்து வீட்டத் தின்னுட்டுப் போயிரும்.”

“போடும்வே.”

முதலில் தப்பான வழியில்தான் போனோம். அவர் கடையில் ஓட்டல் கிரைண்டர் ஒன்று கிடந்தது. மாவு ஆட்டுவதைப் போல பேப்பரையும் ஆட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஊறின பேப்பரைப் போட்டுச் சுவிட்சைப் போட்டால், அது அரைபடாமல் கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. நிறுத்திப் பார்த்தால் குழவிக் கல் தலைப்பா கட்டிக்கொண்டு நிற்கிறது.

“மாப்பிள்ளை ரெடி. பொண்ணு எங்கவே?” என்றார் கடைக்காரர்.

பேப்பரை அரைக்கக் கூடாது, அடிக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு வேகம் வேண்டும். என் இடத்தில் கரண்டு கிடையாது. வெள்ளைக்காரன் காரில் கட்டி இழுத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. சக்கரம் உருள்வதிலிருந்து அவன் வேகத்தை எடுக்கிறான்.

கடையில் ஒரு ஜீப்பின் பின் அச்சு கிடந்தது, இரண்டு சக்கரத்தோடு. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. என் முதலாளியின் ஜீப். அதில் உட்கார்ந்துகொண்டுதான் வரப்பில் நின்று என்னைக் கூப்பிடுவார். இறங்க மாட்டார், ஹார்ன் அடிப்பார். உழவு கோணலாகப் போயிருந்தால் அங்கிருந்தே என் அம்மாவையும் சேர்த்துப் பேசுவார். அவர் குண்டி வைத்த இடத்துக்கு நேர் கீழே இருந்த அச்சு அது. அதைப் புரட்டிப் போட்டு, இன்ஜினிலிருந்து நீள ஷாஃப்ட் வந்து சேர்கிற மூக்கு இருக்கிறதல்லவா, அந்த மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன். சக்கரம் ஒரு சுற்று உருண்டால் மூக்கு நாலு சுற்றுச் சுற்றும். மூக்குக்கு மேலே அடியில் ஓட்டை போட்ட இரும்பு டிரம். டிரம்முக்கு உள்ளே, மூக்கின் நுனியில், ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்த பிளேடு.

தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வழியாக ஒழுகியது. டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தேன். அப்போதும் ஒழுகியது. பழைய பம்புசெட்டில் நூல் கயிற்றைக் கிரீஸில் புரட்டி ஷாஃப்டைச் சுற்றித் திணிப்போம். அது ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். நான் கிளம்பும்போது அவள் முந்தானைக்குள்ளிருந்து கழிவு நூல் ஒரு பந்து என் பைக்குள் விழுந்தது. மருமகள் கழிவு நூலையும் நிறுத்துத்தான் விற்பாள். என் வீட்டுக்காரி அதைத் திருடித்தான் கொடுத்தாள். அதைத் திணித்த பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பேப்பருக்குத்தான் கஷ்டப்பட்டேன். நல்ல பேப்பர் எல்லாம் கடைக்காரரிடமிருந்து மில்லுக்குப் போய்விடும். ஊரில் யாரும் சீந்தாத பேப்பர் ஒன்றே ஒன்றுதான், சுவரில் இருப்பது. எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் மறுநாள் காலையில் தெருவெல்லாம் அவர் முகம் இருக்கும். கண்ணீர் அஞ்சலி. பதினாறாம் நாளுக்கு ஒரு தடவை, வருஷம் திரும்பினால் ஒரு தடவை. அதன்மேல் சினிமா ஒட்டுவார்கள், அதன்மேல் காதுகுத்து, அதன்மேல் கட்சி, மறுபடியும் ஒரு சாவு. மைதாப் பசையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிச் செருப்பு அட்டை கனத்துக்கு நிற்கும். மழை பெய்து முடிந்த வாரத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பாளம் பாளமாக வரும். பசைக்காக மாடுகள் அதைத் தின்ன வரும். நான் ஒரு பக்கம் இழுப்பேன், மாடு ஒரு பக்கம் இழுக்கும்.

டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“பெரியவரே, மாட்டுக்கும் கொஞ்சம் வையும்.”

“அவரு பிள்ளைங்க சோறு போடலல்லா, அதான் மேயுதாரு.”

“ஏலே, அவர எதுக்குல சொல்லுத? அந்த மாட்டச் சொல்லு. அதுக்கு நாலு வயிறு. இவருக்கு ஒண்ணே நெறைய மாட்டேங்கு.”

நான் அடுத்த பாளத்தை உரித்தேன். சாக்கை நிரப்பினேன்.

மார்கழிக் கடைசியில் முதல் ஓட்டம். கடைக்காரரின் குட்டி யானை வண்டிக்குப் பின்னால் டிரம்மைக் கட்டினோம். ஊறின பாளங்களைப் பிய்த்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, குளத்துக்குப் போகிற மண் பாதையில் இழுத்தோம். முதல் வளைவில் பாதித் தண்ணீர் என் தலையில் கொட்டியது. பிறகு மூடி போட்டோம். கொஞ்ச தூரம் போய்த் திறந்து பார்த்தால், சுவரில் இருந்தது எல்லாம் சாம்பல் நிறக் கூழ். சிமெண்டையும் கிரஷர் தூசியையும் போட்டு மறுபடி இழுத்தோம். இன்னும் நாலைந்து சுற்று ஓடியிருந்தால் இன்னும் மையாக வந்திருக்கும். சினிமாக்காரர்களும் சாவுக்காரர்களும் வழவழப்புப் பேப்பரில் அடிக்கிறார்கள், அது சீக்கிரம் கரையாது. ஆனால் வண்டியும் டீசலும் அவருடையது. அவர் வாட்சைப் பார்த்தார். நான் போதும் என்றேன்.

சட்டத்தில் ஊற்றினோம். தை வெயிலில் கல் காய்ந்தது. தூக்கிப் பார்த்தேன். முயல் குட்டியைத் தூக்குவதைப் போல இருந்தது. சாம்பல் கல்லில் அங்கங்கே சிவப்பு, நீலம், பாதி எழுத்து, ஒரு காது, ஒரு மாலை. மொசைக் தரை மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். மறுபடி மறுபடி டிரம்மை ஓட்டி, ஊற்றி, காயவைத்து அடுக்கினேன். ஒரு சின்ன அறைக்குப் போதுமான கல் சேர்ந்துவிட்டது.

ஒரு கல்லை மஞ்சள் பையில் போட்டு அந்தத் திங்கட்கிழமை அவளுக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்குத்தான் அவள் மெஷினை நிறுத்தினாள். கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் முட்டியால் தட்டினாள், மோந்து பார்த்தாள்.

“கனமே இல்லியே! நிக்குமா?”

“நான் மேல ஏறி நின்னு பாத்துட்டேன்.”

“நீங்க ஏறி என்ன, காக்கா ஏறி என்ன?” சிரித்தாள். “வாசல வடக்க பாத்து வைங்க. வெயில் உள்ள வரப்பிடாது. அடுப்ப வெளிய போட்டுக்கிடுதேன். எப்ப முடியும்?”

“மாசிக்குள்ள.”

“அப்ப பங்குனி வெயிலுக்கு நான் அங்கன இருப்பேன்” என்றாள். யாரிடமோ சொல்லி வைப்பதைப் போலச் சொன்னாள்.

மருமகள் டம்ளரோடு வந்தாள்.

“மெஷின் ஏன் நிக்கு? அது என்ன அத்தை மடியில?”

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சட்டத்தின் அடிப்பலகையில் படிந்திருந்த பக்கம் வழவழவென்று இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு கண். கண்ணுக்குமேல் நெற்றியில் சந்தனக் கீற்று. கண்ணுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

டம்ளர் கீழே விழுந்தது.

“இது எங்கப்பால்லா!”

போன வருஷம் செத்துப்போன என் சம்பந்தி. பாளத்தின் அடி அடுக்கில் எங்கேயோ இருந்திருக்கிறார். நான் உரித்தபோது மேலே தெரிந்தது ஒரு சினிமாக்காரன் முகம்தான். கல்லை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்தவன்தான் நான். அந்தக் கண்ணை எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி உயிரோடு இருந்தபோது என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசினது கிடையாது. பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் சொல்லுவார்.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியவன் ஓடிவந்தான். கல்லைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்தால் என்னை நீர் என்பான்.

“ஊரு பூரா ஒட்டுனேன். கலர்ல ஒட்டுனேன். அடியில என் போட்டாவும் போட்டு ஒட்டுனேன். அத உரிச்சு அரைச்சா நீரு சுவரு வைக்கப் போறீரு?”

“மக்கா, மாடு தின்னு மிச்சம் கெடந்ததத்தானல எடுத்தேன்.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“கேட்டீகளா! எங்கப்பாவ மாடு தின்ன மிச்சத்த இவரு அரைச்சாராம்!” என்று மருமகள் தெருவுக்குக் கேட்கக் கத்தினாள். தெருவும் வந்தது. தறிக்காரன் ஒருவன் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான். “செத்தவரு சுவத்துல இருந்தா நல்லதுதானவே. ராத்திரி காவலுக்கு ஆள் வேண்டாம்.” இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி முன்னால் போய் நின்றாள்.

“நீங்க சொல்லுங்க அத்தை. உங்களுக்குத்தான அந்த வீடு. எங்கப்பா தலைய வச்சுக் கட்டுன வீட்டுல போய்க் குடியிருப்பீகளா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க.”

அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அறுந்த நூலை முடிச்சுப் போட்டு மெஷினை ஓட்டினாள். பயத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததால்தான் என்னால் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடிந்தது.

பெரியவன் விடவில்லை. யாரையோ கேட்டானாம். செத்தவர் முகம் அது, உடைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, அஸ்தி மாதிரி தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்றார்களாம். எந்தக் கல்லில் மூக்கு இருக்கிறது, எந்தக் கல்லில் வாய் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாக் கல்லையும் கரைக்க வேண்டும். தை அமாவாசையன்று வைத்தான்.

அதே குட்டி யானையில் கல்லை ஏற்றினார்கள். வாடகை பேசி வந்த கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. குளத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது. அமாவாசை என்பதால் கரை முழுக்க ஆட்கள், எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் ஒருவர் மந்திரம் சொன்னார். பெரியவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் கல்லைத் தண்ணீரில் விட்டான்.

அது முங்கவில்லை.

கொஞ்சம் ஆடியது, பிறகு மல்லாந்து மிதந்தது. இரண்டாவது கல்லும் மிதந்தது. வேலையாட்கள் மொத்தத்தையும் கொட்டினார்கள். எல்லாம் மிதந்தது. காற்று ஒதுக்க, நடுக்குளத்தைப் பார்த்து வரிசையாகப் போக ஆரம்பித்தது. சிமெண்ட் போட்ட கல் கரையாது, பேப்பர் கல் முங்காது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

“ஏ, தெப்பம் விடுதாகப்பா!” என்று யாரோ கத்தினான். கரையில் சிரிப்பு. தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பொடியன்கள் கல்லெடுத்து எறிந்தார்கள், கண்ணைக் குறிபார்த்து.

“எங்கப்பா முங்க மாட்டேங்காரே! மனசு ஆறலயே அவருக்கு!” என்று மருமகள் கரையில் விழுந்தாள்.

பெரியவன் முகம் கறுத்துப்போனது. அத்தனை பேர் முன்னால் சிரிப்பாகிவிட்டது. என்னைப் பார்த்தான்.

“நீருதானே செஞ்சீரு. நீரே இறங்கி முக்கும்.”

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தைத் தண்ணீர் எலும்பைக் குடைந்தது. கழுத்தளவு போய் ஒரு கல்லைப் பிடித்து அமுக்கினேன். குமிழி விட்டது. கையை எடுத்தால் மேலே வந்தது. இரண்டு கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு இன்னொன்றை நெஞ்சால் அமுக்கினேன். மிதித்த கால் வழுக்க, இரண்டும் என் முகவாய்க்குப் பக்கத்தில் வந்து முளைத்தன. அவ்வளவு நன்றாக வந்திருந்தது கல். உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதுகூட எனக்கு அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

சின்னவன் என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான்.

“எப்பா, சீக்கிரம் முடிங்க. ஆடு ஒத்தையில கெடக்கும்.”

என்னால் முடியவில்லை. கரையேறினேன். கல் தண்ணீர் குடித்து அடங்க இரண்டு நாள் ஆனதாம், பிறகு சொன்னார்கள். நான் ஏறி நிற்கும்போது எதிரே என் வீட்டுக்காரி நின்றாள். மருமகள் அவளையும் கூட்டி வந்திருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“இனிமே திங்கக்கிழம வராதீங்க” என்றாள்.

“ஏட்டி…”

“நீங்க வந்துட்டுப் போயிருதீங்க. அடுத்த திங்க வரைக்கும் பேச்சு நான்லா கேக்கேன். ரூமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் இங்கன கெடந்துட்டுப் போறேன். வராதீங்க.”

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சொல்லிக் கொடுத்த வார்த்தை என்றால் என் வீட்டுக்காரிக்குத் திக்கும். மோட்டார் ரூமில் முதலாளியிடம் பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லிக் கொடுத்தால் பாதியில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்குத் திக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி, கூட்டத்துக்குள் நடந்து போனாள். தார் கிடக்கிறதே.

மறு திங்கட்கிழமை நான் கிளம்பவில்லை. சின்னவன்கூட அதைக் கவனித்தான். “அம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டா. பெறகு என்ன? நல்லதாப் போச்சு, பஸ் அலைச்சல் மிச்சம்” என்றான்.

பங்குனி வந்து போனது. டிரம் என் இடத்திலேயே கிடந்தது. சும்மா கிடக்கிறதைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வெறும் சிமெண்ட் சாக்குப் பேப்பர். அதில் யார் முகமும் கிடையாது. கூழ் மையாகும்வரை ஓட்டச் சொல்கிறேன், கடைக்காரர் வாட்சைப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்க்கிறேன். அவர் இப்போது கூப்பிட்டால் வருகிறார். அமாவாசையன்று வண்டி ஓட்டி வந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று முளை அடித்துக் கயிறு கட்டினோம். அவர் ஒரு நுனி, நான் ஒரு நுனி.

“எவ்வளவுவே?” என்றார்.

“எட்டுக்கு ஆறு.”

“சட்டி பானையும் வச்சா ரெண்டு பேரு காலு நீட்ட முடியாதவே அதுல.”

“ஒரு ஆளுதான்.”

அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய் சும்மா இருக்காதே.

“ஒரு ஆளுக்கு ஆறடியே போதும். எதுக்குவே எட்டு?”

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, கயிறு தொய்கிறது, இழுத்துப் பிடியும் என்றேன். பிடித்தார். சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போனேன்.